உழவர் சந்தையும் பெரியப்பாவின் தக்காளியும்

பாப்பாரப்பட்டின்னு சொன்னா சரித்திரம் படிச்சவங்களுக்கு சுப்பிரமணிய சிவா ஞாபகம் வருவார். 1925-ல் அவர் மறைந்த ஊர். எனக்கு பெரியப்பாவோட தக்காளித் தோட்டம்தான் முதல்ல ஞாபகம் வரும்.

பெங்களூரில் நான் புடுங்கற ஆணி என்னன்னா, சூப்பர் மார்க்கெட்டுக்கு சரக்கு எங்கிருந்து எந்த வழியா வந்தா செலவு குறையும்னு கணக்குப் போடற மென்பொருள். நடுவுல இருக்கற ஆளைத் தூக்கு, விலை குறையும். இதான் எங்க டீமோட வேதவாக்கு. போன தடவை ஊருக்குப் போனப்ப பெருமையா எடுத்து விட்டேன். பெரியப்பா பீடியை அணைச்சுட்டு, "அதைத்தான கண்ணு கலைஞர் உழவர் சந்தைன்னு அப்பவே பண்ணாரு" என்றார். (பல்பு!)

அப்புறம் தேடிப் படிச்சேன். முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில், 1999 நவம்பர் 14 அன்று திறந்திருக்காங்க. பஞ்சாபில் 1987-லயே 'அப்னி மண்டி' வந்தாச்சு. ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்'. ஆக ஐடியா புதுசில்லை, ஆனா நம்மாளுங்க செஞ்ச விதம் ஒரு நல்ல புரோகிராம் மாதிரி இருக்கு. போட்டோ ஒட்டின அடையாள அட்டை இருந்தாதான் உள்ளே விற்கலாம், வியாபாரி விவசாயி வேஷம் கட்டி நுழைய முடியாது. கடைக்கு வாடகை இல்லை. தராசு அங்கேயே கொடுப்பாங்க. மூட்டையை பஸ்ஸில் இலவசமா ஏத்திட்டு வர ஏற்பாடு. காலையில் அதிகாரிகள் விலைப்பலகை எழுதுவாங்க: மண்டி விலையை விடக் கூட, கடை விலையை விடக் கம்மி. நடுவுல இருந்த அந்த வித்தியாசத்தை விக்கறவரும் வாங்கறவரும் பங்கு போட்டுக்கறாங்க.

2001-ல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைஞ்சது. 2006-ல் மறுபடி தூசி தட்டினாங்க. நம்ம நாட்டுல காய்கறிக்கும் கட்சி உண்டு :-)

சரி, இவ்வளவு இருந்தும் பெரியப்பா ஏன் தக்காளியை பாலக்கோடு மண்டிக்கே அனுப்பறார்? கேட்டே விட்டேன்.

"ஒரு பறிப்புக்கு நாப்பது பெட்டி வரும். சந்தையில உக்காந்து கிலோ கிலோவா வித்தா எப்ப தீரும்? மண்டியில ஏலம் விட்டா அரை மணி நேரம். நாத்துக்கும் மருந்துக்கும் முன்பணம் யார் தராங்க? நீயா தர?"

அங்கதான் எனக்கு உறைச்சது. மண்டிக்காரர் கமிஷன் பிடிக்கறார், வாஸ்தவம். ஆனா மொத்தமா எடுக்கறதும், வெளியூருக்கு லாரி ஏத்தறதும், கடன் கொடுக்கறதும் அவரேதான். உழவர் சந்தை அவரோட கடையை மட்டும்தான் தாண்டுச்சு, கடன் நோட்டைத் தாண்டலை. முன்பணம் வாங்கினவர் சரக்கை வேற பக்கம் திருப்ப முடியாது. விலை எங்கே உக்காந்தாலும் அங்கேயேதான் கொட்டணும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே 60 ரூபாய்க்கு விற்றதே, அப்போ லாட்டரி அடிச்சிருக்குமேன்னு கேட்டேன். அதுக்கு முந்தின போகம் பறிகூலிக்குக் கூட தேறாம செடியோட ஆட்டுக்கு விட்டுட்டு, அந்த வருஷம் கேழ்வரகு போட்டிருந்தாராம்.

மறுநாள் விடிகாலை பஸ்ஸில் பெரியம்மா கூட தருமபுரி உழவர் சந்தைக்குப் போனேன். கீரை, வெண்டை, கொஞ்சம் கத்திரி. எட்டரைக்கெல்லாம் வித்துத் தீர்ந்து, பணத்தை சுருக்குப்பையில் முடிஞ்சுக்கிட்டு எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாங்க. தக்காளி வண்டி அதுக்குள்ள பாலக்கோடு போய்ச் சேர்ந்திருக்கும்.