கொந்தரப்புக்காரருக்கு ஈ.பி.எப். இல்லையா?

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஓர் அக்கா என்னிடம் பள்ளிக்கூடக் கொப்பியொன்றைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் நிறுத்த கொழுந்தின் கிலோ, கைக்குக் கிடைத்த காசு, திகதி எல்லாவற்றையும் மகள் எழுதி வைத்திருக்கிறாள். “செக்ரோல்ல நமக்குப் பேரில்ல தம்பி. ஈ.பி.எப். கேட்டா கொந்தரப்புக்காரர் தோட்டத்தில கேளுங்கிறார். தொரை கொந்தரப்புக்காரர்கிட்ட கேளுங்கிறார்.”

கொந்தரப்பு மலையகத்துக்குப் புதிதல்ல. ஆள் திரட்டிக் கொடுத்த பெரிய கங்காணியும் ஒருவகைக் கொந்தரப்புக்காரர்தான். ஆனால் 2021இல் கூட்டு ஒப்பந்தம் முடிவுக்கு வந்து, சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கிய பிறகு, கிலோக் கணக்கு, கைக்காசு, வெளியார் உற்பத்தி முறை என்ற பெயர்களை ஊவாவிலும் அடிக்கடி கேட்கிறேன். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு எல்லாம் இப்படிக் கைமாறுகின்றன.

சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் ‘வேலையாள்’ என்பதன் வரையறை விரிவானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சும் போதும். ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுப்பதற்கான ஒப்பந்தமும் அதற்குள் அடங்கும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் இதே போக்கில்தான் போகிறது.

உண்மையான கொந்தரப்பும் உண்டு. சொந்த ஆயுதம், சொந்த ஆட்கள், பேசிய விலை, இன்று இந்தத் தோட்டம், நாளை ஹாலிஎலயில் ஒரு வீடு என்று லயத்துக் கூரை மாற்றுகிறவர் தனித் தொழில் செய்பவர். ஆனால் தோட்டத்துத் தராசில் நிறுத்து, தோட்டம் சொன்ன மலையில், தோட்டத்துக் கங்காணியின் மேற்பார்வையில் வருடக்கணக்காகக் கொழுந்து பறிக்கிறவரை அப்படிச் சொல்வது கடினம். வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், அந்த வேலை நிறுவனத்தின் தொழிலோடு எவ்வளவு ஒன்றியிருக்கிறது என்பவைதான் வழக்குகளில் எழும் கேள்விகள். கொழுந்து பறிக்காமல் தேயிலைத் தோட்டம் ஏது?

கணக்கைப் பார்த்தால் இந்த இழுபறியின் காரணம் தெரியும். சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை. நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கொந்தரப்புக்காரரிடம் மொத்தமாகக் காசைக் கொடுத்தால் இவை தீர்ந்தன என்று நிர்வாகம் நினைப்பது ஆபத்தானது. பின்னர் கேள்வி வந்தால் நிலுவையோடு மிகைக்கட்டணமும் சேரும்.

தொழிலாளர் பக்கத்தில் வேண்டியது சாட்சி. கொழுந்துத் துண்டு, காசு வாங்கிய திகதி, கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம். அக்காவின் கொப்பி அந்த வகையில் பெரிய சொத்து. சேமலாப நிதி முறைப்பாட்டைப் பதுளைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம். வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா கொப்பியை மூடி வைத்தார். கொந்தரப்புக்காரர் அவருடைய மாமன் மகன், அதே லயத்தில் நான்காவது காம்பிரா. முறைப்பாட்டில் முதலில் யார் பெயரை எழுதுவார்கள் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.