முதுமையும் நெடுந்தூர ஓட்டமும்

முள்ளியவளை, முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே அமைந்த பழைய ஊர். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் அம்மையார், 72 வயதினராய், பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளிற் கலந்துகொண்டார். 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களையும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்று அவர் ஊர் திரும்பினார். வன்னி மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். பத்திரிகைகள் வியந்தன.

வியப்பது எளிது. ஆயின், வியப்போடு நின்றுவிட்டால் அவருடைய உழைப்பு கணக்கில் வராமற் போய்விடும். எழுபது வயதைக் கடந்த உடம்பு ஓடக்கூடியதா, ஓடலாமா என்னும் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை கண்டு நெடுங்காலம் ஆகவில்லை. அந்த விடை பிறந்த கதையோடு, வன்னி மண்ணின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அம்மூன்று பதக்கங்களின் எடை தெரியும்.

வன்னி பரந்த நிலம். ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு. குளத்துக்கும் வயலுக்கும் இடையே வரம்பும் வண்டிப்பாதையும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமுடையது. பேருந்துகள் வருவதற்கு முந்திய தலைமுறையினர் இத்தகைய தூரங்களை வண்டியிலும் கால்நடையாகவும் கடந்தனர். நடையை உடற்பயிற்சி என்று எவரும் அன்று பெயரிடவில்லை. வயல் விதைக்கவும், தேன் எடுக்கவும், மாடு தேடவும், கோவிலுக்குப் போகவும் நடந்தார்கள்.

கோவில் நடைக்கு அங்கே தனிச்சிறப்பு உண்டு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கல் நிகழ்வதற்கு முன், சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவருதல் மரபு. அக்கடல்நீரில் விளக்கு எரிகின்றது என்பது அடியார்களின் நம்பிக்கை. தீர்த்தக் குடத்தோடு நடக்கும் கூட்டத்தில் தலை நரைத்தோர் பலரைக் காணலாம். இதனினும் நீண்டது கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை வழியாகச் சென்று, குமண, யால காடுகளை ஊடறுத்துக் கதிர்காமத்தை அடைவர். ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை அது. வெறுங்காலோடு, தலையில் ஒரு பொதியோடு, அறுபதும் எழுபதும் கடந்தவர்கள் அதைச் செய்து முடிக்கின்றனர். நாள்தோறும் அளவோடு நடந்து, இரவில் ஓய்ந்து, மறுநாட் புலரியில் மீண்டும் எழுதல் என்னும் அந்த ஒழுங்கை ஒரு பயிற்சியாளர் கண்டால், நெடுந்தூர ஓட்டக்காரருக்குத் தாம் வகுத்துக் கொடுக்கும் முறையும் ஏறக்குறைய இதுவே என்பார்.

ஆயினும், நடத்தல் வேறு, ஓடுதல் வேறு என்றே உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஓடினால் இருதயம் பழுதாகும் என்று மேல்நாட்டு வைத்தியர்களே எச்சரித்து வந்தனர். அமெரிக்காவில் கிளாரன்ஸ் டிமார் என்ற அச்சுத் தொழிலாளி இருந்தார். இளமையிலேயே அவருடைய நெஞ்சில் ஏதோ மாறான ஒலி கேட்கின்றது என்று கூறி, ஓட்டத்தை விடுமாறு வைத்தியர் சொன்னதுண்டு. அவர் விடவில்லை. பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் ஏழு முறை முதலிடம் பெற்றார். ஏழாவது வெற்றி 1930இல் கிட்டியபோது அவருக்கு வயது 41. புற்றுநோயால் 1958இல் அவர் இறந்தபின் இருதயத்தைப் பரிசோதித்தவர்கள், அதற்கு இரத்தம் ஊட்டும் நாடிகள் சாதாரண மனிதருடையவற்றைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருக்கக் கண்டனர். அந்த ஆய்வு 1961இல் வெளிவந்தது. ஓட்டம் அந்த இருதயத்தைத் தேய்க்கவில்லை என்பதைப் பலரும் அப்போதுதான் ஒப்புக்கொண்டனர்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளை வைத்து ஜெரி மொரிஸ் என்னும் ஆய்வாளர் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். பேருந்தைச் செலுத்தும் சாரதி நாள் முழுதும் இருக்கையை விட்டு எழுவதில்லை. நடத்துநரோ நாளொன்றுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குகிறார். சாரதிகளைவிட நடத்துநர்களிடையே இருதய நாடி நோய் குறைவு என்று 1953இல் அவர் எடுத்துக்காட்டினார். உடலுழைப்புக்கும் நெஞ்சுக்கும் உள்ள உறவை எண்ணிக்கையால் நிறுவிய முதல் ஆய்வுகளுள் இது தலையாயது. படியேற்றத்தைப் பயிற்சி என்று அந்த நடத்துநர்கள் கருதியிருக்க மாட்டார்கள். வன்னி விவசாயி வரம்பு நடையைக் கருதாதது போலவே.

நியூசிலாந்திலே ஆதர் லிடியார்ட் என்ற சப்பாத்துத் தொழிலாளி, ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்துவந்தார். வேகத்தை நாடுவதற்கு முன் பல மாதம் நெடுந்தூரம் ஓடி அடித்தளம் இடவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வழிகாட்டிய பீற்றர் சினெல், மரே ஹால்பேர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அதன்பின் அவர் செய்தது இன்னும் பெரிது. மாரடைப்புக் கண்ட முதியவர்களையும் சேர்த்து, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவோட்டத்தில் ஈடுபடுத்தினார். 1962இல் ஒக்லாந்தில் அதற்கென ஒரு கழகமே தோன்றியது. அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் அங்கு சென்றிருந்தபோது அக்கூட்டத்தோடு ஓட முயன்று மூச்சிரைத்துப் பின்தங்கினார். அவருக்குத் துணையாக வந்தவரோ எழுபது கடந்தவர், மாரடைப்பிலிருந்து பிழைத்தவர். வெட்கத்தோடு ஊர் திரும்பிய பௌவர்மன், இருதய வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து மெதுவோட்டத்தைப் பற்றி எழுதிய நூல் 1967இல் வெளியாகி, அமெரிக்காவையே வீதியில் இறக்கிவிட்டது.

மூத்தோருக்கெனத் தனிப் போட்டிகள் ஏற்பட்டதும் அக்காலத்தில்தான். கலிபோர்னியாவில் டேவிட் பெயின் என்னும் சட்டத்தரணி, நாற்பது கடந்தோருக்கு ஒரு மைல் ஓட்டம் நடத்தத் தொடங்கினார். 1975இல் ரொறன்ரோ நகரில் முதலாவது உலக மூத்தோர் போட்டி நடந்தது. ஐந்து ஐந்து ஆண்டாக வயதுப் பிரிவு வகுத்ததே இப்போட்டிகளின் நுட்பம். எழுபது வயதினர் எழுபது வயதினரோடுதான் மோதுகின்றனர். இவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர். பெரும்பாலோர் தம் செலவிலேயே பயணம் செய்து வருகின்றனர்.

நீச்சல், துவிச்சக்கர வண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ட்ரையத்லன் போட்டி, 1974இல் சான் டியேகோ நகரிற் பிறந்தது. 1978இல் ஹவாய்த் தீவில் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் வண்டியோட்டம், முழு மரதன் என்று அதனை நீட்டினர். தொடங்கியவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். அத்தூரத்தை 2018இல் ஜப்பானியரான ஹிரோமு இனாடா 85 வயதில் முடித்தார். அவர் இவ்விளையாட்டிற் புகுந்ததே எழுபதாம் வயதளவில் என்றால், தொடங்கும் காலம் பற்றிய பழைய கணக்குகள் எவ்வளவு தவறானவை என்பது புலப்படும்.

முதிய உடம்பினுள் நிகழ்வது யாது? உடல் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு, முப்பது வயதுக்குப் பின், பத்தாண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் குறைகின்றது. விடாது பயிற்சி செய்வோரிடத்தில் இக்குறைவு ஏறக்குறையப் பாதியாகலாம். தசை மெலிகின்றது, எனினும் எழுபதிலும் பயிற்சிக்குத் தசை இணங்குகின்றது, நுண்குழாய்கள் பெருகுகின்றன. கடுமையாக உழைத்த பின் உடம்பு மீளும் காலந்தான் நீளுகின்றது. இருபது வயதினர் ஓர் இரவு தூங்கி எழுந்து மீண்டும் விரைந்தோடுவர்; எழுபது வயதினருக்கு அந்த இடைவெளி இரண்டு மூன்று நாளாக வேண்டும். ஆகவே மூத்தோர் பயிற்சியில் பெரும்பகுதி மெதுவோட்டமும் நடையுமாக இருக்க, விரைவோட்டம் உப்பைப் போல அளவாகச் சேர்க்கப்படுகின்றது. தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும்.

இதனைக் கண்கூடாகக் காட்டியவர் கனடாவில் வாழ்ந்த எட் விற்லொக். தம் வீட்டருகே இருந்த இடுகாட்டின் பாதையில், நாள்தோறும் மூன்று மணி நேரம் வரை, மிக மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவது அவர் வழக்கம். பயிற்சியாளரும் இல்லை, விசேட உணவும் இல்லை. 2003இல், 72 வயதில், மரதன் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி, எழுபது கடந்தோருள் அவ்வெல்லையை முதன்முதற் கடந்தவரானார். 85 வயதில் அதே தூரத்தை 3 மணி 56 நிமிடத்தில் ஓடினார். இடுகாட்டில் ஓடிப் பயின்று ஆயுளோடு போட்டியிட்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

விற்லொக் மங்கைப் பருவத்து அச்சம் ஏதுமின்றி வளர்ந்த ஆண்மகன். பள்ளிப் பருவம் முதல் அவருக்கு ஓட்டம் திறந்திருந்தது. அகிலத்திருநாயகியின் தலைமுறைப் பெண்களுக்கு நிலைமை வேறு. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடியபோது, சிலர் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. பெண்ணுடல் அதைத் தாங்காது என்று அவ்வோட்டத்தையே நீக்கிவிட்டனர். 1960இல்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. அப்போது அவர் ஒன்பது வயதுச் சிறுமி. பெண்களுக்கான 1500 மீற்றர் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1972இல் அவருக்கு இருபத்தொன்று. பெண்கள் மரதன் வந்த 1984இல் முப்பத்துமூன்று. பிலிப்பைன்சில் அவருக்குத் தங்கம் தந்த ஓட்டம், அவர் பள்ளி மாணவியாயிருந்த காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரிக்கும் ஒலிம்பிக்கில் மறுக்கப்பட்டிருந்த ஓட்டம்.

அதன்பின் வந்த ஆண்டுகள் வன்னிக்கு எத்தகையவை என்பதை நேயர்கள் அறிவர். 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்டது. நோயாளியும் நெல்மூட்டையும் துவிச்சக்கர வண்டியிலேயே பயணஞ் செய்தன. வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 2009இல் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதும் வெறுமையாயிற்று. நந்திக்கடலோரம் போர் முடிந்தபோது மக்கள் செட்டிகுளம் முகாம்களில் இருந்தனர். வேறு நாடுகளில் நாற்பதும் ஐம்பதும் ஆனோர் பூங்காக்களில் மெதுவோட்டம் பழகிய அதே பத்தாண்டுகளில், இம்மக்களின் கால்கள் உயிர்காக்க நடந்தன. அந்த நடையைப் பயிற்சி என்று சொல்வது கொடுமை.

இடப்பெயர்வில் வேறொன்றும் தொலைந்தது: பிறப்புச் சான்றிதழ். மூத்தோர் விளையாட்டில் வயதே நுழைவுச் சீட்டு. 89 வயதில் இலண்டன் மரதன் ஓடி, நூறு வயதினராய் 2011இல் ரொறன்ரோவில் மரதன் முடித்த பஞ்சாபியரான பௌஜா சிங், பிறந்த காலத்துப் பத்திரம் காட்ட இயலாமையால் கின்னஸ் பதிவில் இடம்பெறவில்லை. 2025இல் வீதி விபத்தில் இறக்கும்வரை அக்குறை தீரவில்லை. வன்னியில் பத்திரம் தொலைத்த முதியோர் பலர்.

இன்று வன்னியில் முதுமையில் ஓட விரும்புவோர்க்கு வெயிலே முதற் பகை. சோளகம் வீசும் மாதங்களில் நிலம் வறண்டு, காலை எட்டு மணிக்கே வீதி கொதிக்கின்றது. வயதேற ஏறத் தாக உணர்ச்சி மழுங்குதலால், தாகம் எடுக்கும்வரை காத்திராது நீர் பருகவேண்டும். விடியலுக்கு முன் குளக்கட்டில் நடப்பதே உகந்தது. முதலில் நடை, பின் நடையிடையே சிறிது ஓட்டம், பல வாரம் கழித்து ஓட்டமே மிகுதி. நெஞ்சுநோவோ தலைச்சுற்றோ கண்டால் நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தொடங்குமுன்பே செல்லவேண்டும்.

முள்ளியவளை அம்மையார் வென்ற 5000 மீற்றர் வேகநடை, 400 மீற்றர் வட்டத்தில் பன்னிரண்டரைச் சுற்று. பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றினும் அதன் விதி கடுமையானது. எக்கணத்திலும் ஒரு பாதமேனும் நிலத்தில் இருக்கவேண்டும்; முன்வைத்த கால், நிலத்தைத் தொட்டது முதல் உடம்பின் நேர்க்கீழே வரும்வரை, முழங்கால் மடியாது நிமிர்ந்திருக்கவேண்டும். சுற்றிலும் நடுவர்கள் நின்று முழங்காலையே நோக்கிக்கொண்டிருப்பர். முழங்கால் முதலில் தளரும் வயதில், பன்னிரண்டரைச் சுற்றும் அதை நிமிர்த்தியே வைத்து நடந்தவருக்குத்தான் அந்தத் தங்கம் கிடைத்தது.