ஃபைனல் ஃபேன்டசி தோழர்கள்

ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம் வரிசையில் கதைத்தலைவரோடு ஊர் ஊராக நடந்து, சண்டையில் தோள் கொடுத்து, சில வேளை பாதி வழியிலேயே பிரிந்துபோகும் பாத்திரங்கள். 1987இல் தொடங்கிய இவ்வரிசையில் எண்ணிட்ட ஆட்டங்கள் 16 வந்துள்ளன. தயாரித்தது ஸ்குவேர் நிறுவனம். 2003 ஏப்ரலில் அது எனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்து ஸ்குவேர் எனிக்ஸ் ஆனது. ஒவ்வோர் எண்ணுக்கும் உலகம் வேறு, கதை வேறு, மாந்தர் வேறு. நாற்பது ஐம்பது மணி நேரம் கூடவே வந்தவர்களை அடுத்த ஆட்டத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஆனாலும் விவியையும் ஏரித்தையும் கலூஃபையும் ஆட்டக்காரர்கள் இன்றுவரை மறக்கவில்லை. நல்ல வசனமும் நல்ல ஓவியமும் எத்தனையோ ஆட்டங்களில் உண்டு. இவ்வரிசையின் தனிச்சிறப்பு, உயிர்ப்புள்ளி, மந்திரப்புள்ளி, சண்டைக் கட்டளை போன்ற விளையாட்டு விதிகளையே மனித குணமாக மாற்றிக் காட்டியது. பெயர்கள் இங்கே ஆங்கிலப் பதிப்புகளில் உள்ளபடி தரப்பட்டுள்ளன.

பெயரில்லாத நால்வர்

முதல் ஆட்டம் 1987 டிசம்பர் 18 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வெளியானது. இயக்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. ஓவியம் யோஷிடகா அமானோ. இசை நொபுவோ உவெமட்சு. இதில் தோழர்கள் என்று சொல்லத்தக்கவர் எவருமில்லை. வீரர், திருடர், மல்லர், மூவகை மந்திரவாதிகள் என ஆறு தொழில்களிலிருந்து நால்வரை ஆட்டக்காரரே தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பேசவும் மாட்டார்கள்.

மறு ஆண்டே வந்த இரண்டாம் ஆட்டம் இதைத் தலைகீழாக்கியது. ஃபிரியன், மரியா, கை என்ற மூவர் நிலையானவர்கள். நான்காவது இடம் மட்டும் வருவோர் போவோருக்கானது. அந்த இடத்துக்கு வந்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். உருண்டு வரும் பாறையைத் தாங்கிப் பிடித்து ஜோசப் மாண்டார். அல்டிமா மந்திரத்தின் முத்திரையைத் திறக்க மின்வு தன் உயிரைக் கொடுத்தார். மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று பேரரசனை எதிர்த்து நின்று ரிக்கார்ட் வீழ்ந்தார். சிறிய படப்புள்ளிகளால் ஆன உருவங்கள்தாம். சில வரி வசனம்தான். இருந்தும், நேற்றுவரை சண்டையில் நிரம்பியிருந்த நான்காவது இடம் இன்று காலியாகக் கிடப்பதை ஆட்டக்காரர் ஒவ்வொரு சண்டையிலும் பார்த்தாக வேண்டும். இழப்பை உணர்த்த இந்த வரிசை கண்ட முதல் வழி அதுதான். 2004இல் கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பு, இறந்த இந்தத் தோழர்கள் மறுமையில் ஒன்றுசேர்ந்து போராடும் கூடுதல் கதை ஒன்றைச் சேர்த்தது. சவாரிப் பறவையான சொகோபோவும் இரண்டாம் ஆட்டத்தில்தான் முதலில் வந்தது.

1990இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் மீண்டும் பெயரற்ற அநாதைச் சிறுவர் நால்வர். லூனெத், ஆர்க், ரெஃபியா, இங்கஸ் என்ற பெயர்கள் அவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் மறு உருவாக்கத்தில்தான் கிடைத்தன.

குணமான எண்கள்

1991 ஜூலை 19 அன்று சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த நான்காம் ஆட்டமே தோழர் என்ற கருத்துக்கு இலக்கணம் வகுத்தது. தகாஷி டொகிட்டாவின் கைவண்ணம் இதன் கதையில் தெரியும். யார் எப்போது குழுவில் இருப்பார், என்ன செய்ய வல்லவர் என்பதைக் கதையே தீர்மானிக்கிறது. அது ஆட்டக்காரரின் உரிமையைப் பறிப்பதாகச் சிலர் குறை சொல்வதுண்டு. அந்தக் கட்டுப்பாட்டினால் கிடைத்ததைப் பார்த்தால் அக்குறை நிற்காது.

டெல்லா என்ற முதிய மந்திரவாதியை எடுத்துக்கொள்வோம். அவருடைய உச்ச மந்திரப்புள்ளி 90. எவ்வளவு போரிட்டு நிலை உயர்ந்தாலும் அது கூடாது, வயதானவர் அல்லவா. மகள் ஆன்னாவைப் பறிகொடுத்த அவர் பழிவாங்கத் தேடும் மீட்டியோ மந்திரத்துக்கோ 99 புள்ளி வேண்டும். ஒன்பது புள்ளி குறைகிறது. கோல்பெஸ் என்ற பகைவனுக்கு எதிரே நிற்கும்போது அவர் அந்த மந்திரத்தை எப்படியோ ஏவிவிடுகிறார், அதோடு இறந்தும்போகிறார். அந்த ஒன்பது புள்ளிக்கு எதை விலையாகக் கொடுத்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பல மணி நேரமாகப் பட்டியலில் அந்த 90ஐப் பார்த்துப் பழகியவருக்கு அது தானே விளங்கும்.

ரிடியா என்ற சிறுமி அழைப்பு மந்திரக்காரி. அவளுடைய ஊர் தீக்கிரையானதற்குத் தன்னையறியாமல் காரணமானவன் கதைத்தலைவன் செசில். நெருப்பு மந்திரம் அவளுக்கு வராது. ஹோப்ஸ் மலையில் பனிச்சுவர் வழிமறிக்கும்போது, குழுவிலுள்ள ரோசா பக்கத்தில் நின்று தைரியம் சொன்ன பிறகே அதை அவள் ஏவுகிறாள். மற்ற ஆட்டங்களில் நிலை உயர்ந்தால் கிடைக்கும் ஒரு சாதாரண மந்திரம், இங்கே ஒரு குழந்தை தன் பயத்தை வென்றதற்குச் சான்று. எட்வர்ட் என்ற பாணர் இளவரசனுக்கு ‘ஒளிந்துகொள்’ என்று ஒரு கட்டளையே உண்டு. உயிர்ப்புள்ளி மிகக் குறைந்தால் நம்மைக் கேட்காமலேயே ஓடி ஒளிவான். கோழை என்று அவனை ஒதுக்கியவர்கள், பின்னால் அவன் நோய்ப்படுக்கையிலிருந்தபடியே யாழ் மீட்டி இருட்குகைப் பகைவனின் வலிமையை ஒடுக்கும்போது வெட்கப்பட வேண்டியிருக்கும். பாலம், போரம் என்ற இரட்டைக் குழந்தைகள் நெருங்கிவரும் சுவர்களைத் தடுக்கத் தம்மையே கல்லாக்கிக்கொள்கிறார்கள். தாமாக விரும்பிக் கல்லானதால் டெல்லாவின் மந்திரம் அவர்களை மீட்கவில்லை.

இந்த ஆட்டத்தின் குறையும் இங்கேயே இருக்கிறது. கல்லான குழந்தைகள் மீள்கிறார்கள். வெடிப்பில் சிக்கிய யாங்கும், வெடிகுண்டோடு வானக்கப்பலிலிருந்து குதித்த சிட்டும் பிழைத்துவிடுகிறார்கள். தியாகம் செய்த தோழர்களில் டெல்லா மட்டும் திரும்பவில்லை. அவர் சாவு இன்றும் கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1992இல் வந்த ஐந்தாம் ஆட்டம் இலகுவான கதை என்று பெயர் பெற்றது. அதில் ஓரிடம் மட்டும் விதிவிலக்கு. முதியவர் கலூஃப் பகைவன் எக்ஸ்டெத்தோடு தனியே மோதுகிறார். உயிர்ப்புள்ளி சுழியமாகிவிட்டது, ஆட்டத்தின் விதிப்படி அவர் விழ வேண்டும். விழவில்லை, தொடர்ந்து அடிக்கிறார். சண்டை முடிந்து அவர் சாய்ந்ததும் நண்பர்கள் குணமாக்கும் மந்திரத்தையும், வழக்கமாக வீழ்ந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகையும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். எதுவும் பலிக்கவில்லை. அவர் கற்றுச் சேர்த்த திறமைகள் எல்லாம் பேத்தி க்ரைலுக்குச் செல்கின்றன.

ஆறாம் ஆட்டத்தின் பதினால்வர்

1994 ஏப்ரல் 2 அன்று வெளியான ஆறாம் ஆட்டத்தை யோஷினோரி கிடாசேயும் ஹிரோயுகி இட்டோவும் இயக்கினார்கள். குழுவில் சேரத்தக்கவர்கள் 14 பேர். இவர்தான் தலைவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாதபடி எழுதப்பட்ட கதை இது. பாத்திரங்களைப் படைத்ததும் ஒருவர் அல்லர்: ஃபிகாரோ நாட்டுச் சகோதரர்களான எட்கரும் சேபினும் கவோரி தனகாவின் படைப்பு, ஷேடோவும் செட்சரும் டெட்சுயா நோமுராவின் கற்பனை. ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டளை. எந்திரங்களில் நாட்டமுள்ள அரசன் எட்கர் கருவிகளை இயக்குவான். சூதாடி செட்சரிடம் சுழல் பெட்டி. மனைவியையும் மகனையும் ஒரே நாளில் நஞ்சுக்குப் பறிகொடுத்த வாள்வீரன் சயனின் வித்தைக்கு மட்டும் மெல்ல நிரம்பும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்படாத மனிதனுக்கு அவசரப்படாத கட்டளை.

பாதிக் கதையில் உலகம் அழிகிறது. ஓராண்டு கழித்து செலெஸ் என்ற பெண் தளபதி தனித்தீவு ஒன்றில் கண்விழிக்கிறாள். தோழர்கள் எங்கே, உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாது. அங்கிருந்து முடிவுக்குப் போக எட்கரும் செட்சரும் சேர்ந்தால் போதும். மற்றவர்களைத் தேடுவது ஆட்டக்காரரின் விருப்பம். இந்த ஒரு முடிவு வீடியோ கேம் எழுத்தில் ஒரு பெரிய பாய்ச்சல் என்பேன். கடமை என்று யாரும் சொல்லாதபோது ஒருவரைத் தேடிப் போகிறோமே, அதுதான் நட்பு. தேடிக் கண்டவர்களுக்கெல்லாம் இறுதிக் காட்சியில் இடமுண்டு.

ஷேடோவின் கதை இன்னும் கூர்மையானது. கூலிக்குக் கொலை செய்யும் அவன், மிதக்கும் கண்டம் இடிந்து விழும்போது மற்றவர்கள் தப்பிக்கப் பின்தங்குகிறான். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே குதித்தால் தப்பலாம். ஆனால் அவனை மீண்டும் காண முடியாது. கடைசி நொடிகள்வரை விளிம்பிலேயே நின்றால் ஓடிவந்து சேர்கிறான். காத்திருக்கச் சொல்லி ஆட்டம் வற்புறுத்துவதில்லை.

ஏரித்

1997 ஜனவரி 31. பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏழாம் ஆட்டம் இந்த வரிசையை உலகெங்கும் கொண்டுசென்றது. இதில் திறன் தரும் மட்டீரியா கற்களை யாருக்கு வேண்டுமானாலும் பொருத்தலாம் என்பதால், தோழர்களின் தனித்திறன்கள் மங்கின. அந்த இழப்பை வேறொரு மறைவான கணக்கு ஈடுசெய்தது. கோல்ட் சாசர் கேளிக்கை நகரில் ஒரு மாலை கதைத்தலைவன் கிளவுடோடு யார் உலவப் போகிறார் என்பதை, அதுவரை ஆட்டக்காரர் பேசிய பேச்சுகளைக் கொண்டு ஆட்டம் திரைக்குப் பின்னால் கணக்கிடுகிறது. தொடக்கப் புள்ளிகள் ஏரித்துக்கு 50, டிஃபாவுக்கு 30, யூஃபிக்கு 10, பாரெட்டுக்கு 0. ஆக, ஆட்டக்காரர் ஏரித்தோடு நெருங்குவதற்கான வழி முதலிலேயே சரித்து வைக்கப்பட்டிருந்தது.

முதல் வட்டின் முடிவில் பகைவன் செஃபிராத்தின் வாளுக்கு அவள் இரையாகிறாள். எந்தப் பிரியாவிடை உரையும் இல்லை. தொடர்ந்து வரும் சண்டையில் வழக்கமான போர் இசை ஒலிக்கவில்லை. உவெமட்சு அவளுக்காக அமைத்த இசையே தொடர்கிறது. வீரமரணம் என்ற அலங்காரம் வேண்டாம், நிஜ வாழ்வில் சாவு திடீரென்று வந்து வெறுமையை விட்டுச்செல்வதுபோல் இருக்க வேண்டும் என்பதே படைப்பாளர்களின் எண்ணம் என்று கிடாசே பின்னாளில் நேர்காணல்களில் விளக்கினார். அவளை வளர்க்கச் செலவிட்ட நேரமும், பாடுபட்டுப் பெற்ற உச்ச ஆற்றலும் அவளோடு போயின. அவளை உயிர்ப்பிக்க ரகசிய வழி இருப்பதாக வதந்திகள் பல ஆண்டுகள் உலவின. அப்படி எதுவும் இல்லை. 2020 ஏப்ரலில் வந்த ரீமேக், 2024 பிப்ரவரி 29 அன்று வந்த ரீபர்த் என்ற மறு உருவாக்கங்கள் இந்த மரணத்தை ஆட்டக்காரர் முன்பே அறிவார் என்பதைக் கணக்கில் கொண்டே எழுதப்பட்டவை.

விவியும் யூனாவும்

எட்டாம் ஆட்டம் (1999) காதல் கதை. ஸ்குவாலும் ரினோவாவும் முன்னே நிற்க, மற்றவர்கள் சற்றுப் பின்னுக்குப் போனார்கள். ஒன்பதாம் ஆட்டம் (2000) அதற்குப் பரிகாரம் செய்தது. கூரிய தொப்பியும், நிழலில் மறைந்த முகமும், ஒளிரும் மஞ்சள் கண்களும் முதல் ஆட்டத்தின் கரிய மந்திரவாதிக்கு உரியவை. பெயரில்லாத அந்த உருவத்துக்கு இங்கே விவி என்ற பெயரும், தடுக்கி விழும் நடையும், தான் யார் என்ற கேள்வியும் கிடைத்தன. தன் இனம் போருக்காகச் செய்யப்பட்டது, அதன் ஆயுளும் மிகக் குறுகியது என்று அந்தச் சிறுவன் அறிந்துகொள்கிறான். கரிய மந்திரவாதிகளின் சிற்றூரில் உள்ள கல்லறைகளும், இறப்பைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் அவ்வூர் மக்களும் இந்த வரிசையின் மிகச் சிறந்த பகுதி. இங்கும் விதி குணத்தைச் சொல்கிறது. விறைத்த படைத்தலைவன் ஸ்டெய்னரின் வாள் மந்திரம், விவி குழுவில் இருந்தால்தான் வேலை செய்யும். அந்தப் பெருமிதக்காரர் இந்தச் சிறுவனிடம் மட்டும் காட்டும் மரியாதைக்கு அதுவே ஆதாரம்.

2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த பத்தாம் ஆட்டத்தில் தோழர்களுக்கு முதன்முறையாகக் குரல் கிடைத்தது. சண்டையின் நடுவே எந்த நேரமும் ஒருவரை மாற்றி மற்றவரை இறக்கலாம் என்பதால், குழுவில் ஏழு பேரும் பயன்பட்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருப்போர் இல்லை. யூனா உலகின் துயரைத் தீர்க்கச் செல்லும் யாத்திரை அவளுடைய சாவில் முடியும் என்பது உடன் வருவோர் எல்லாருக்கும் தெரியும். கதைத்தலைவன் டீடஸுக்கு மட்டும் தெரியாது. தம்பியை இழந்த வக்கா, அதற்காக அல்பெட் இனத்தையே வெறுப்பவன். அன்போடு பழகிய ரிக்கு அந்த இனத்தவள் என்று தெரிந்ததும் அவன் படும் பாடு நேர்மையாக எழுதப்பட்டுள்ளது. 2003இல் யூனாவை மையமாக்கி வந்த எக்ஸ்-2, எண்ணிட்ட ஆட்டம் ஒன்றுக்கு விளையாட்டு வடிவில் வந்த முதல் நேரடித் தொடர்ச்சி.

பின்வந்தவர்கள்

பதினொன்றாம் (2002), பதினான்காம் ஆட்டங்கள் இணையவழி ஆடுபவை; அங்கே தோழர் என்றால் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் நிஜ மனிதர். ஆயினும் கதைப்பாத்திரங்கள் மேல் வைத்த பாசம் குறையவில்லை. பதினான்கில் 2015இல் வந்த கதையில் இறந்த ஹோர்ஷஃபா என்ற பாத்திரத்தின் நினைவுக்கல்லுக்கு ஆட்டக்காரர்கள் இன்றும் போய்வருகிறார்கள். 2019 முதல் அதில் ‘டிரஸ்ட்’ என்ற ஏற்பாட்டின்படி கதைத்தோழர்களோடும் நிலவறைகளுக்குச் செல்லலாம். பன்னிரண்டாம் ஆட்டம் (2006), தோழர் எந்தச் சூழலில் என்ன செய்ய வேண்டும் என்பதை நிபந்தனைகளாக எழுதிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. திறமையான ஏற்பாடு; எனினும் ஆணைக்கு ஆடும் தோழர் கொஞ்சம் அந்நியமாகவே தெரிகிறார்.

2016இல் ஹாஜிமே டபாட்டா இயக்கத்தில் வந்த பதினைந்தாம் ஆட்டம் நான்கு இளைஞர்களின் கார்ப் பயணம். பிராம்ப்டோ வழியெல்லாம் படம் எடுக்கிறான். இரவுக் கூடாரத்தில் அவற்றைப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். இக்னிஸ் சமைக்கிறான். பின்னர் அவன் பார்வையை இழக்கிறான். அதன் பிறகு ஒரு சுரங்கத்தில் மற்றவர்கள் அவன் நடைக்கு ஈடாக மெதுவாகவே போக வேண்டும், முந்தினால் கிளாடியோலஸ் அதட்டுவான். கதை பல இடங்களில் சிதறிய ஆட்டம்தான். அந்தச் சுரங்க நடை அதைக் காப்பாற்றுகிறது. 2023இல் வந்த பதினாறாம் ஆட்டத்தில் ஆட்டக்காரர் கிளைவை மட்டுமே இயக்குகிறார்; சண்டையில் அவர் ஆணைக்குப் பாய்வது டோர்கல் என்ற நாய்.

ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 2020இல் நடத்திய பெரும் வாக்கெடுப்பில் கதைமாந்தருள் கிளவுட் முதலிடமும் யூனா இரண்டாமிடமும் பெற்றார்கள்; ஆட்டங்களுள் பத்தாம் ஆட்டம் முதலிடம் பெற்றது. பழைய ஆறு ஆட்டங்களும் 2021, 2022இல் பிக்சல் ரீமாஸ்டர் என்ற பெயரில் கணினிக்கும் கைப்பேசிக்கும் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளன. தமிழ்ப் பதிப்பு இல்லை; எளிய ஆங்கிலம் தெரிந்தால் போதும். புதிதாக வருவோர் நான்கில் தொடங்கி ஆறுக்குப் போகட்டும். ஆறில் உலகம் அழிந்த பின் கதையை முடிக்க அவசரப்படாமல், பதினால்வரையும் தேடிப் பிடியுங்கள்.