பொது சுகாதாரப் பணியாளர் பயணப்படி – வரலாறு

பயணப்படி என்பது, அலுவல் நிமித்தம் ஊர் செல்லும் ஊழியர் தம் கைப்பணத்தில் செய்த செலவை அரசோ உள்ளாட்சி அமைப்போ பின்னர் ஈடுசெய்யும் முறை. பெரும்பாலான அலுவலர்களுக்குப் பயணம் எப்போதாவது நேர்வது. பொது சுகாதாரத் துறையின் கீழ்நிலைப் பணியாளருக்கோ பயணமே வேலை. அம்மை குத்துபவர், சுகாதார ஆய்வாளர், மலேரியாப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் என எல்லோரும் வீடு வீடாகச் சென்றவர்கள். இவ்விரு வகைப் பயணங்களையும் ஒரே விதியால் அளந்ததுதான் இந்தப் படியின் வரலாற்றில் தொடர்ந்து வரும் சிக்கல்.

உள்ளூர் நிதிக் காலம்

சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும், 1884ஆம் ஆண்டின் லோக்கல் போர்டு சட்டமும் சாலை, கல்வி ஆகியவற்றுடன் அம்மை குத்துதலையும் சுகாதாரத்தையும் உள்ளூர் வரிப்பணத்தின் பொறுப்பில் விட்டன. அம்மை குத்துபவரின் பயணம் தனி மனிதரின் பயணம் மட்டுமன்று. கையிலிருந்து கைக்குப் பால் எடுத்துக் குத்திய நாளில், ஏற்கெனவே குத்தப்பட்ட குழந்தையை ஏறத்தாழ எட்டாம் நாளில் அடுத்த ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பின்னர் கன்றிலிருந்து எடுத்த அம்மைப்பால் வந்தது. கிண்டியிலுள்ள கிங் நிலையம் அதைத் தயாரித்தது. அம்மைப்பால் வெயிலில் வீரியம் இழக்கும். எனவே மாட்டுவண்டிக்கும் ரயிலுக்கும் உள்ள வேறுபாடு வெறும் கட்டண வேறுபாடு அன்று. மருந்து வேலை செய்யுமா என்பதே அதைப் பொறுத்திருந்தது.

1922 விதிகள்

1922 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள், அரசு ஊழியரின் படிகளுக்கு ஒரு கொள்கையை வகுத்தன. பெறுபவருக்குப் படி மொத்தத்தில் ஆதாயமாகிவிடக் கூடாது என்பதே அது. அவற்றை ஒட்டிய மைய அரசின் துணை விதிகள் பயணப்படியை நிலையான பயணப்படி, வாகனப்படி அல்லது குதிரைப்படி, மைல் கணக்குப் படி, தினப்படி, உண்மைச் செலவு எனப் பிரித்தன. தலைமையிடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவைத் தாண்டாத நாளுக்குத் தினப்படி இல்லை. மெட்ரிக் அளவுக்குப் பின் இது எட்டுக் கிலோமீட்டர் ஆயிற்று.

கூடாரத்துடன் முகாம் செல்லும் அதிகாரிக்கு இது பொருத்தமான விதியே. தம் எல்லைக்குள்ளேயே நாள்தோறும் பன்னிரண்டு மைல் சுற்றி வருபவரோ, கணக்கின்படி எங்கும் போகாதவர். இந்த இடைவெளியை அடைக்க உதவியது நிலையான பயணப்படி. இது மாதந்தோறும் ஒரே தொகை. ஒவ்வொரு பயணத்துக்கும் பட்டியல் எழுத வேண்டியதில்லை. நடந்தாலும் அதே தொகை, நடக்காவிட்டாலும் அதே தொகை என்பது இதன் பலவீனம். விலை ஏறும்போது தொகை தானாக ஏறாது என்பது அதைவிடப் பெரிய பலவீனம். மற்ற வகைகளில் சுற்றுப்பயண நாட்குறிப்பு, பட்டியல், மேலதிகாரியின் மேலொப்பம், நிதி ஒதுக்கீடு என்று படிகள் நீளும். அதுவரை அரசுக்குக் கடன் கொடுத்தவர் துறையிலேயே மிகக் குறைந்த சம்பளக்காரர்.

சட்டமும் திட்டங்களும்

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். அரசு மானியம் நீங்கலான வருவாயில் நகராட்சிகள் 30 சதவீதத்துக்கும், ஜில்லா போர்டுகள் 12.5 சதவீதத்துக்கும் குறையாமல் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. கிராமப்புறத்தில்தான் தூரம் அதிகம். ஒதுக்கீட்டு விகிதமோ அங்கே குறைவு.

1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாறியது. ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒரு கண்காணிப்புப் பணியாளர் என வைத்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று காய்ச்சல் கண்டவரின் இரத்தம் எடுக்க வேண்டும் என வகுக்கப்பட்டது. 1973இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்ப் பணியாளர்களைப் பல்நோக்குப் பணியாளர்களாக்கி, 3,000 முதல் 3,500 பேருக்கு ஒரு துணை மையம் அமைக்கப் பரிந்துரைத்தது. எல்லை சுருங்கியதால் நடை குறைந்தது உண்மை. அதே காரணத்தால் அவருடைய பயணம் பெரும்பாலும் எட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கியது. தினப்படி எட்டாத தொலைவாயிற்று.

பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களில் 1973 முதல் நடந்த வீடு வீடான தேடலில், எரிபொருளுக்கும் தினப்படிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நிதி பயன்பட்டது. களத்திலேயே முன்பணமாகக் கையிருப்பு வைத்துச் செலவிட்டுக் கணக்குக் காட்டும் ஏற்பாடு அது. இந்தியாவின் உள்நாட்டுப் பரவலில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். அந்த அவசரம் முடிந்ததும், செலவழித்துவிட்டுப் பட்டியல் எழுதும் வழக்கமே வழக்கமாகத் தொடர்ந்தது.

2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், துணை மையத்துக்கு ஆண்டுக்கு ரூ.10,000 கட்டுப்பாடற்ற நிதி அளித்தது. அதே இயக்கத்தில் வந்த ஆஷா பணியாளர்கள் தன்னார்வலர்களாகக் கருதப்பட்டு ஊக்கத்தொகை பெறுபவர்கள். ஊழியர் என்ற வரையறைக்குள் வராததால், பயணப்படி விதிகளும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை.