சூரியன் மூட்டப் பார்த்த யுத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள், வீட்டில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

1967 மே 23. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம். சோவியத் ஏவுகணை வந்தால் முன்கூட்டியே அறிந்துகொள்ள அமெரிக்கா மூன்று பிரமாண்டமான ராடார் நிலையங்களை வைத்திருந்தது. ஒன்று அலாஸ்காவில், ஒன்று கிரீன்லாந்தில், ஒன்று இங்கிலாந்தில். அன்று மூன்றும் ஒன்றாகக் குழம்பின. யாரோ வேண்டுமென்றே வானொலி அலைகளைப் பாய்ச்சி அவற்றின் கண்ணைக் கட்டியதுபோல் இருந்தது.

ராடாரின் கண்ணைக் கட்டுவது என்றால், அடுத்து தாக்குதல் வரப்போகிறது என்பதுதான் அன்றைய இராணுவத்தினரின் கணக்கு. மேலதிக போர் விமானங்களைப் புறப்படத் தயார்படுத்தும் அளவுக்கு நிலைமை போனது.

ஆனால் அவை புறப்படவில்லை. சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பதையே தொழிலாகக் கொண்ட சிலர் அமெரிக்க விமானப்படையில் இருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில்தான் அந்தப் பிரிவு ஆரம்பமாகியிருந்தது. அன்று சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டத்தில் மிகப் பலமான வெடிப்பு நடந்ததை அவர்கள் கண்டிருந்தார்கள். ராடாரைக் குழப்பியது சோவியத் அல்ல, சூரியனில் இருந்து வந்த வானொலி அலைகள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அந்தத் தகவல் உரிய நேரத்தில் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பந்தப்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2016இல் கட்டுரையாக எழுதிய பிறகுதான் உலகம் இதை விரிவாக அறிந்தது.

சூரியனில் நடப்பது பூமியைப் பாதிக்கும் என்று மனிதனுக்கு எப்போது தெரிய வந்தது? 1859 செப்டெம்பர் 1. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கரிங்டன் என்ற வானியலாளர் தொலைகாட்டி வழியாகச் சூரியனின் விம்பத்தை விழுத்தி, கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று புள்ளிகளின் நடுவே கண்ணைக் கூசும் வெள்ளை ஒளி தோன்றி, சில நிமிடங்களில் மறைந்தது. சுமார் 17 மணித்தியாலங்களின் பின் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் கண்டது. துருவப் பகுதிகளில் மட்டும் தெரியும் வண்ண ஒளி கியூபா வரை தெரிந்தது. தந்திக் கம்பிகளில் தானாகவே மின்னோட்டம் பாய்ந்தது. அமெரிக்காவில் பொஸ்டன், போர்ட்லண்ட் நகரங்களுக்கிடையே பற்றரியைக் கழற்றிவிட்டு, அந்த மின்னோட்டத்திலேயே தந்தி அனுப்பினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பெரிய அறிஞர்கள் நம்பவில்லை. 1892இல் பிரித்தானிய ரோயல் சங்கத்தின் தலைவராக இருந்த கெல்வின் பிரபு, காந்தப் புயல்களுக்குச் சூரியன் காரணமாக இருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். சூரியன் காந்த அலைகளை எல்லாத் திசைகளிலும் பரப்புகிறது என்று எடுத்துக்கொண்டுதான் அவர் கணக்குப் பார்த்தார். உண்மையில் அது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளைத் திரளாக ஒரு பக்கமாக வீசுகிறது. அவருடைய கணக்கில் பிழை இல்லை, எடுகோளில்தான் பிழை.

சூரியன் வெடிக்கும்போது பூமிக்கு மூன்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒளியும் வானொலி அலையும். 8 நிமிடங்களில் வந்துவிடும். 1967இல் ராடாரைக் குழப்பியது இதுதான். இரண்டாவது, ஒளியின் வேகத்தை நெருங்கி வரும் புரோத்தன்கள். சில வேளை அரை மணித்தியாலத்துக்குள்ளேயே வந்துவிடும். விண்வெளி வீரரின் உடலுக்கு ஆபத்தானவை இவை. மூன்றாவது, காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வரும் பெரும் வாயுத் திரள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் எடுக்கும். தந்தியையும் மின்சாரக் கம்பிகளையும் தாக்குவது இது.

சந்திரனுக்கு மனிதனை அனுப்பியபோது நாசாவுக்கு இந்த இரண்டாவது விருந்தாளி பற்றித் தெரியும். ஹூஸ்டன், கனேரித் தீவுகள், அவுஸ்திரேலியாவின் கார்னார்வன் ஆகிய இடங்களில் சூரியனைக் கண்காணிக்கத் தொலைகாட்டிகளை வைத்தார்கள். வீரர்கள் தங்கள் உடலிலேயே கதிர்வீச்சு அளக்கும் கருவிகளை அணிந்திருந்தார்கள். ஆபத்து வந்தால் சந்திரத் தரையை விட்டு, சுவர் தடித்த தாய்க்கலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

1972 ஏப்ரலில் அப்பலோ 16 போய்த் திரும்பியது. டிசம்பரில் அப்பலோ 17 போனது. இவை இரண்டுக்கும் இடையில், ஓகஸ்ட் 4 அன்று, அந்த யுகத்தின் மிகப் பெரிய புரோத்தன் புயல்களில் ஒன்று வீசியது. அதன் வாயுத் திரள் 15 மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் பூமியை அடைந்தது. அதே நாளில் வியட்நாம் கடலில் அமெரிக்கா போட்டிருந்த, காந்த மாற்றத்துக்கு வெடிக்கும் கடற்கண்ணிகள், கப்பல் எதுவும் வராமலே வெடித்தன. அரை நிமிடத்துக்குள் ஏறக்குறைய இரண்டு டசின் வெடிப்புகளை விமானிகள் கண்டார்கள்.

அன்று ஒரு வீரர் விண்வெளி உடை மட்டும் அணிந்து சந்திரனில் நடந்துகொண்டிருந்திருந்தால் கடுமையான கதிர்வீச்சு நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்பது பின்னர் ஆய்வாளர்கள் சொன்னது. அந்த நேரத்தில் சந்திரனில் யாரும் இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது யாரும் திட்டமிட்டதல்ல. பயண அட்டவணை அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1967இல் காப்பாற்றியது கண்காணிப்பு. 1972இல் காப்பாற்றியது அட்டவணை. முன்னதை நாம் வளர்க்கலாம், பின்னதை நம்பியிருக்க முடியாது.

அதனால்தான் 1995இல் சோஹோ, 1997இல் ஏஸ் என்று விண்கலங்களை அனுப்பினார்கள். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் அவை காவலுக்கு நிற்கின்றன. வாயுத் திரள் அந்த இடத்தைக் கடந்தால் பூமிக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை முன்னறிவிப்புக் கிடைக்கும். 2023இல் இந்தியாவும் ஆதித்யா எல்1 கலத்தை அந்தப் பகுதிக்கு அனுப்பியது.

பாதுகாப்பு முறைகளும் மாறின. பாரமான உலோகச் சுவரை விட, ஐதரசன் அதிகமுள்ள நீரும் பொலித்தீனும் புரோத்தன்களை நன்றாகத் தடுக்கும். புயல் வந்தால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளவர்கள் தடுப்புக் கூடிய பகுதிக்குள் போய் இருப்பார்கள். சந்திரனுக்குப் போக நாசா செய்த ஓரியன் கலத்தில், உள்ளே இருக்கும் சாமான் பைகளையே சுற்றிலும் அடுக்கி வீரர்கள் ஒரு தற்காலிகப் புகலிடம் அமைத்துக்கொள்வது ஏற்பாடு.

இருந்தும் சூரியன் அவ்வப்போது பாடம் நடத்துகிறது. 2003 ஒக்டோபர் புயலில், செவ்வாயைச் சுற்றிய ஒடிசி கலத்தில் கதிர்வீச்சை அளப்பதற்காகவே வைத்த கருவி பழுதாகிப்போனது. 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38 விழுந்து எரிந்தன. அது பெரிய புயல்கூட இல்லை. மேல் வளிமண்டலம் சூடாகி விரிந்ததால் செய்மதிகளுக்கு உராய்வு கூடியது.

இது வல்லரசுகளின் கதை மட்டுமல்ல. நமது நாடு பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இந்தப் பகுதியில் மேல் வளிமண்டலக் குழப்பங்கள் ஜிபிஎஸ் சமிக்ஞைகளை அதிகம் பாதிக்கும். ஆழ்கடலுக்குப் போகும் நம் மீனவச் சகோதரர்கள் திசை பார்ப்பது அந்த ஜிபிஎஸ் கருவியில்தான்.

ஐவேளைத் தொழுகைக்குச் சூரியனைப் பார்த்து நேரம் கணித்த சமூகம் நாம். சூரியனைப் படிப்பது நமக்குப் புதிதல்ல. பௌதிகவியல் படித்து என்ன செய்வது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு 1967இல் கடமையில் இருந்த அந்த அதிகாரிகளைப் பற்றிச் சொல்லுங்கள். சரியாகச் சொன்ன எச்சரிக்கையால் ஒன்றுமே நடக்காமல் போகும். ஒன்றுமே நடக்காததால் சொன்னவரை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் அன்று தங்கள் வேலையைச் செய்ததால்தான் மறுநாள் வழக்கம்போல விடிந்தது.