மலைத்தோட்டங்களுக்கு ஏறிய தடுப்பூசி

1802ஆம் ஆண்டு பெரியம்மைத் தடுப்புப்பால் பாக்தாத், பஸ்ரா, பம்பாய் வழியாக இலங்கைக்கு வந்தபோது, அதைக் கெடாமல் காக்கும் குளிர்கலன் எதுவும் இல்லாததால், அம்மை குத்தப்பட்ட ஒருவரின் கைக்கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மற்றொருவருக்குக் குத்தும் முறையே கையாளப்பட்டது. மனித உடலே, பெரும்பாலும் குழந்தைகளின் உடலே, மருந்தின் கொள்கலனாயிற்று. பிற்காலத்தில் தோட்ட வேலைக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். அந்தக் கட்டாயம் தொழிலாளரின் நலத்தைவிடத் தீவின் நோயச்சத்தையே முதன்மையாகக் கருதியது என்று கொள்வதே பொருந்தும்.

1978இல் இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கிய பின், உற்பத்திச்சாலையிலிருந்து குழந்தையின் கைவரை மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் காக்கும் ஏற்பாடான குளிர்ச்சங்கிலி இன்றியமையாததாயிற்று. பண்டாரவளையிலிருந்து பூனாகலை ஊடாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் வளைவுப் பாதை போன்ற மலைவழிகளில் அதன் கடைசிக் கண்ணி, பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய கைப்பெட்டியே. வெப்பத்தைப் போலவே உறைதலும் கேடு செய்யும். அலுமினிய உப்பு சேர்ந்த ஏற்புவலி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே வீரியம் இழக்கும். ஆகவே உறைபெட்டியிலிருந்து எடுத்த பொதியை உடனே அடுக்காமல், குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும்வரை வெளியே வைத்திருக்கும் பொறுமை சுகாதார ஊழியருக்குப் பயிற்சியின் பகுதியாயிற்று. பிள்ளைகளின் உயிரைக் காத்த இச்சிறு கைப்பழக்கத்துக்கு மருத்துவ வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும்.

2016இல் ஜேம்ஸ் டைசன் விருதின் பிரித்தானியப் பரிசைப் பெற்ற ஐசோபார் என்னும் லஃப்பரோ பல்கலைக்கழக மாணவத் திட்டம், அம்மோனியாவையும் நீரையும் வெப்பத்தால் பிரித்து, பின் மீண்டும் சேரவிட்டுக் குளிரூட்டும் வழியில், இந்தக் கடைசிக் கண்ணியின் சிக்கலையே தீர்க்க முனைந்தது.