பதினோரு நாள்

மொட்டை மாடியில் ஒரு தேனீப்பெட்டி வைத்திருக்கிறேன் என்று முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பிடித்த பைத்தியம். திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நூறு வருடத்துக்கு முன்னால் அமைத்த மாதிரியிலான சின்னப் பெட்டி. உள்ளே நம் ஊர் அடுக்குத்தேனீ.

கண்புரை அறுவைக்குப் பிறகும் எனக்கு இடது கண் சரியில்லை. தேனீ முட்டை, அறையின் அடியில் ஒட்டிய வெள்ளை நூல்துண்டு போல இருக்கும். அது எனக்குத் தெரிவதில்லை. சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பது நான், பார்ப்பது பேத்தி. போன வாரம் அவள், “தாத்தா, ஒரே அறையில மூணு முட்டை, நாலு முட்டை இருக்கு!” என்று குதித்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இராணி அறைக்கு ஒரு முட்டைதான் வைக்கும். தாறுமாறாகப் பல முட்டை கிடந்தால் இராணி போய்விட்டது, பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன என்று அர்த்தம். அவை ஆணோடு சேராதவை. அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். ஆண் தேனீ பூவுக்குப் போகாது. அப்படியே விட்டால் கூட்டம் அழிந்துவிடும்.

இந்த விஷயம் எனக்குத் தெரிந்தது ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தால். 1792இல் ஜெனீவாவில் வெளியானது, தேனீக்களைப் பற்றிய புதிய கவனிப்புகள். எழுதியவர் பிரான்சுவா உய்பேர். (ஆங்கிலம் படித்தவர்கள் ஹூபர் என்பார்கள், போகட்டும்.) பழைய எழுத்துக்கூட்டல். அப்படி நாங்கள் திக்தேயில் எழுதியிருந்தால் விரல்முட்டியில் ரூல் விழுந்திருக்கும்.

உய்பேர் 1750இல் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கி, பிறகு முழுக்கப் போய்விட்டது. கண் தெரியாதவர் தேனீயை எப்படி ஆராய்ந்தார்? வீட்டு வேலைக்காரர் ஒருவர் இருந்தார், பிரான்சுவா புர்னான் என்று, வோ பகுதிக் கிராமத்தான். இவர் கேள்வி கேட்பார், அவர் பெட்டியைத் திறந்து பார்த்து வந்து சொல்வார். சொன்னதை நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்டு மறுபடி அனுப்புவார். இதற்காகவே உய்பேர் ஒரு பெட்டி செய்தார்: பன்னிரண்டு சட்டங்கள், கீல் வைத்து, புத்தகம் போல ஏடு ஏடாகப் புரட்டலாம்.

பணித்தேனீயும் முட்டையிடும் என்று அதற்கு முன்பே ரீம் என்பவர் சொல்லியிருந்தார். ஆனால் யாருக்கும் நிச்சயமில்லை. கூட்டத்துக்குள் பணித்தேனீ அளவிலேயே சின்ன இராணி ஒன்று ஒளிந்திருந்தால்? ஆயிரக்கணக்கில் மொய்க்கும் கூட்டத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பதுதான் வழி. புர்னான் அதைச் செய்தார். இரண்டு கூடுகள். அவற்றிலிருந்த ஒவ்வொரு தேனீயையும் கையில் எடுத்து, உறிஞ்சுகுழலைப் பார்த்து, பின்கால்களைப் பார்த்து, கொடுக்கைப் பார்த்து. கொட்டுக்குப் பயப்படவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. கண் வலித்தால் மட்டும் கொஞ்சம் ஓய்வு.

சட்டத்தைத் தூக்கும்போது ஒரு தேனீ விரலிடுக்கில் மாட்டிக் கொட்டினாலே நான் அன்றைக்குப் பெட்டியை மூடிவிடுவேன்.

சின்ன இராணி ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாம் சாதாரணப் பணித்தேனீ. பிறகு, முட்டையிடும்போதே ஒன்றைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் முட்டைகள் இருந்தன. விஷயம் முடிந்தது.

நான் அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழித்தவன். ஒரு முறை பிரெஞ்சுக் காலத்து நிலப் பதிவேடுகளை மூன்று மாதம் உட்கார்ந்து படித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக் கொடுத்தேன். பூச்சி அரித்த தாள், தூசியில் மூச்சு முட்டும். அறிக்கை வந்தபோது அட்டையில் வேறொருவர் பெயர். உள்ளே முழுக்கப் புரட்டினேன், என் பெயர் எங்கும் இல்லை. கேட்கவும் இல்லை. அந்தக் காலத்தில் கேட்கமாட்டோம். அதனால்தான் உய்பேர் புத்தகத்தில், பார்த்ததும் செய்ததும் புர்னான் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அவர் நினைத்திருந்தால் வேலைக்காரன் பெயரை விட்டிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? புர்னான் பிற்பாடு வேலையை விட்டு ஊருக்குப் போய், அங்கே மேஜிஸ்திரேட் பொறுப்புக்கு உயர்ந்தார். அதற்குப் பிறகு உய்பேருக்கு மனைவியும் மகன் பியேரும் கண்ணாக இருந்தார்கள்.

என் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். வில்லியனூர் நண்பர் ஒருவர் இளம் புழுவும் முட்டையும் உள்ள ஒரு சட்டம் கொடுத்தார். நல்ல கூட்டமாக இருந்தால் அந்தப் புழுவில் ஒன்றை வளர்த்து இராணி ஆக்கிக்கொள்ளும். முட்டையிடத் தொடங்கிய பணித்தேனீக்கள் அதற்கு ஒத்துக்கொள்வது சந்தேகம்தான். சனிக்கிழமை பேத்தி வருவாள், சட்டத்தின் அடி ஓரத்தில் இராணி அறை தொங்குகிறதா என்று பார்ப்பாள். பெட்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் தேதிக்குப் பக்கத்தில் ‘பார்த்தவர்’ என்று புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு, அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.